இருபத்தொம்பது நாள்

இல்லீங்க மேடம், பாப்பா மெடலைக் கடிக்கல. ரிப்பனைத்தான் கொஞ்சம் சப்பிட்டா. தொடச்சுட்டேன், இந்தாங்க.

ஆமாங்க, நான் அவரு சம்சாரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சுல நீலச் சட்டை போட்டு உக்காந்திருக்காரே, அவருதான். கூப்பிடாதீங்க, கேக்காது. பீரங்கி பக்கத்துலயே நின்னு ரெண்டு காதும் போச்சு. இப்பல்லாம் பேசறவங்க உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்கறாரு. எங்க மாமியார் அடுப்படியில முணுமுணுக்கறதக்கூட கண்டுபிடிச்சுடுவாரு, அவங்க பாவம் சுவத்தப் பாத்துத் திட்டறாங்க.

காது போனா போகுதுங்க. கைதான் நடுங்குது. பாப்பாவத் தூக்க மாட்டேங்கறாரு, போட்டுடுவேன்னு பயம். உங்க ராணுவ ஆஸ்பத்திரியில வாரா வாரம் காட்டி, இப்பத்தான் டம்ளரச் சிந்தாம குடிக்கிறாரு. அந்த ஆஸ்பத்திரி அட்டைய மட்டும் விட்டுடுங்க மேடம். மெடல நீங்களே வெச்சுக்கங்க.

தெரியுங்க. மெடல் இருந்தாத்தான் முன்னாள் வீரரு, முன்னாள் வீரருன்னாத்தான் அட்டை. மெடலத் திருப்பிக் கேட்டு நீங்க அனுப்பின கடுதாசிய எழுத்துக் கூட்டி நாலு தடவை படிச்சேன். சண்டை நடந்த எடத்துல முப்பது நாள் இருக்கணும், இவருக்கு இருபத்தொம்பதுதான், தப்பா எண்ணிக் குடுத்துட்டோம்னு போட்டிருக்கு. போய் எறங்கின நாள் சேருமாம், கெளம்பின நாள் சேராதாம். கெளம்பின அன்னிக்குக் காலையிலயும் அங்க குண்டு விழுந்துச்சுங்களே... சரிங்க, சரிங்க. நீங்களா சட்டம் போட்டீங்க.

காயம்பட்டு வந்திருந்தா நாளே எண்ண மாட்டாங்களாமே? காது காயமில்லையாம். ரத்தம் வரலல்ல.

ஆங், அதத்தான் அவரும் கண்டுபிடிச்சாரு, கடுதாசிக்குப் பின்பக்கம் பொடி எழுத்துல. வீட்டுல பொண்டாட்டி சாகக் கெடந்து, அவசர லீவுல வந்திருந்தா அந்த லீவும் கணக்குல சேரும்னு. அதப் படிச்சதும் துள்ளிக் குதிச்சாரு மேடம். நீ அன்னிக்குப் பொழச்சு வந்தது இன்னிக்கு என்னயும் காப்பாத்துது பாருன்னாரு. அவரு சிரிச்சு ஒரு வருஷமாச்சு.

நான் சாகக் கெடந்ததுக்கு ஆஸ்பத்திரிக் காகிதம்... அதாங்க. தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தா ஆகாதா? ஓ, நீங்களே போன் போட்டுக் கேப்பீங்களா.

இல்ல, சும்மாதான் கேக்கறேன் மேடம். லீவுக்குச் சொன்ன காரணம் பொய்னு வந்தா என்ன பண்ணுவீங்க? சண்டைய விட்டு ஓடி வந்தவருன்னா எழுதுவீங்க? அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னாலுமா?

தண்ணி வேணாங்க. பாப்பாதான் சேலையப் புடிச்சு இழுக்கறா.

அவரு கெளம்பின மறுநாள் அவரு எடத்துல இன்னொருத்தரு நின்னாருங்க. ஒரே தட்டுல சாப்பிட்ட சிநேகிதரு. அவரு திரும்பி வரல. அந்தச் சிநேகிதரோட போட்டோ எங்க வீட்டு அலமாரியில இருக்கு. இவரு தெனமும் அது முன்னாடி நின்னு பேசறாரு. நானா வரலடா, அவ சாகக் கெடந்தா, அதனாலதான் வந்தேன்னு. தெனமும் அதே பேச்சு. அத மட்டுந்தான் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நான் காபிய வெச்சுட்டு வெளிய வந்துடுவேன்.

எனக்கு அன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம். நெறமாசந்தான், வலிகூட வரல. துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். அவரு மொகத்தப் பாக்காமயே பெத்துடுவேனோன்னு திடீர்னு ஒரு பயம். எதிர் வீட்டு அக்காகிட்ட போன் வாங்கி, முகாமுக்குப் போட்டு, நர்ஸ் மாதிரி கொரல மாத்திப் பேசினேன். கடைக்காரர்கிட்ட மிச்சக் காசு கேக்கவே வாய் வராது எனக்கு. அன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சோ, தாயும் புள்ளயும் தேறமாட்டாங்க, உடனே அனுப்புங்கன்னு கணீர்னு சொன்னேன்.

ஐயோ, திருப்பிச் சொல்லாதீங்க மேடம். வாயத் தொறக்காதீங்க. நான் அவருக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கறேன். உங்க மொகம் அவரு பக்கமா இருக்கு.