மூட்டத்துக்குப் போட்ட பந்து

பதினோரு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது எளிது; பத்துத் தருணங்களைத் தேர்ந்தெடுப்பது கடினம். ஒருவனை வெளியே உட்கார வைத்தால் அவன் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லிவிடலாம். விட்டுப்போன தருணத்துக்கு யாரிடம் போய்ச் சமாதானம் சொல்வது?

நம் கல்லூரிக் கால்பந்து அணியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்காக அந்தப் பத்தையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, மலர்க்குழுச் செயலராகிய நீங்கள், லாவண்யா, என்னிடம் ஒப்படைத்தீர்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராக இருந்தவன் என்ற உரிமையில் ஏற்றுக்கொண்டேன். பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. முதலிடத்தில் உள்ள குறிப்பின் ஓரத்தில் "இது உறுதிதானா சார்?" என்று பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பில் உள்ளவனின் தங்கை நதியா உங்களையும் வந்து பார்த்திருக்கிறாள் என்று அதிலிருந்து ஊகித்தேன். ஆகவே ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன்.

சில இடங்களைப் பற்றி விவாதமே இல்லை. ஏழாம் இடம் காட்டுமாட்டுக்கு. 1997-இல் பாச்சலூர் இளைஞர் மன்றத்தோடு ஆடிக்கொண்டிருந்தபோது, தைல மரங்களுக்கிடையிலிருந்து காட்டுமாடு ஒன்று வந்து எங்கள் கோலின் முன்னால் நின்றுவிட்டது. கோல்கீப்பர் குறுக்குக் கம்பத்தின் மீது ஏறி உட்கார்ந்துகொண்டான். பாச்சலூர்த் தலைவன் நடுவரிடம் போய், "ஏங்க, அவிங்க பன்னெண்டு பேரு ஆடுறாய்ங்க, நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க" என்று முறையிட்டான். மாடு இருபது நிமிடம் நின்றது. அந்த இருபது நிமிடமும் எங்களுக்கு யாரும் கோல் போடவில்லை.

இரண்டாம் இடம் ஓர் ஆட்டத்துக்கு அல்ல, ஒரு சட்டத்துக்கு. அதைச் சற்று விளக்க வேண்டும்.

நம் மைதானத்துக்கு மூன்று பக்கம் மரங்கள். கிழக்கே, எல்லைக்கோட்டிலிருந்து எட்டடி தள்ளினால் சரிவு; சரிவு முடியுமிடத்தில் சோலைக்காடு. 1988-இல் நான் பணியில் சேர்ந்தபோது, சரிவில் விழுந்த பந்தை எடுத்து வருவது பெரும்பாறைக் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து படிக்க வந்த மாணவர்களின் வேலையாக இருந்தது. அவர்கள் பெயர் அணிப் பட்டியலில் இருக்கும். கால் மைதானத்தில் படாது. "பெரும்பாறைக்காரன் எறங்குவான்" என்பார்கள், மழை இறங்கும் என்று சொல்வதுபோல. யாரும் அதை அநீதியாகக் கருதவில்லை. இறங்கியவர்களும் கருதவில்லை என்பதுதான் அதில் கொடுமை.

நான் திண்டுக்கல், பழனி நாற்சந்திகளில் நின்று பேசி வளர்ந்தவன். துண்டறிக்கை எழுதித்தான் எனக்குத் தமிழ் வந்தது. ஆயிரம் படிகள் அச்சிட்டு விடுதிக் கதவுகளின் கீழே தள்ளினேன். முதல்வர் அறை வாசலில் நாற்காலி மீது ஏறி நின்று நாற்பது நிமிடம் பேசினேன். "உதைக்க ஒருவனும் பொறுக்க ஒருவனும் பிறந்திருக்கிறார்கள் என்றால் இங்கே கல்லூரி எதற்கு? இன்றே இழுத்துப் பூட்டுங்கள்" என்றேன். பூட்டவில்லை. விளையாட்டு அறையின் சுவரில் என் கையாலேயே இரண்டு சொற்களை எழுதினேன்: உதைத்தவனே எடுப்பான். மூன்றே ஆண்டுகளில் பதினோரு பேரில் ஆறு பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள். இன்றும் அந்தச் சுவரில் ஆண்டுதோறும் புதுச் சாயம் பூசுகிறார்கள். இன்றும் நகைக்கடைக்காரர் மகன் உதைத்தால் நகைக்கடைக்காரர் மகன்தான் இறங்குகிறான். முப்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். நான் பேசி நடந்தது என்று சுட்டிக்காட்ட இந்த ஒன்றுதான் இருக்கிறது.

இனி முதலிடம். 2006 செப்டம்பர், மலைத்தொடர்க் கோப்பையின் இறுதி ஆட்டம், நம் மைதானத்தில். மலருக்கு நான் எழுதிய குறிப்பு இது: "ஒரு கோல் முன்னிலையில் இருந்த நம் அணியின் இடது பின்கள வீரன் பழனிக்குமார், பந்தைச் சரிவுக்கு அப்பால் உதைத்தான். சட்டத்துக்கிணங்கத் தானே எடுக்க இறங்கினான். மூட்டம் ஏறிற்று, கோப்பை நமதாயிற்று. தவறி விழுந்த பழனிக்குமார் திரும்பவில்லை. அணிக்காக அவன் தந்தது எல்லாவற்றிலும் பெரிது."

பழைய மாணவர்கள் அறுபத்து மூன்று பேர் தங்கள் தேர்வை எழுதி அனுப்பினார்கள். அறுபத்திரண்டு பேர் இந்த ஆட்டத்தை முதலிடத்தில் வைத்தார்கள். மீதமுள்ள ஒருவன் சேனாதிபதி; அன்று நம் வலது முன்கள ஆட்டக்காரன், இப்போது பழனி அடிவாரத்தில் பக்தர்கள் தங்கும் விடுதி நடத்துகிறான். அவன் அனுப்பியது ஒரே வரி: "அந்த ஆட்டத்தை எடுத்துருங்க சார்."

பத்து நாளுக்கு முன் பழனிக்குமாரின் தங்கை நதியா அட்டுவம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளும் உடற்கல்வி ஆசிரியை. காப்பி கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அம்மா படுக்கையில கெடக்கு சார். இந்த மாசம் தாண்டாதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். "அண்ணே போட்டோவ இத்தன வருசமா செவுத்துல மாட்ட விடல. ஊர்ல சொன்னாங்கல்ல, வெளையாட்டுக் கிறுக்குல போயி விழுந்துட்டான்னு. அம்மாவுக்கு அதுதான் ஆறல. எங்கள நெனச்சிருந்தா எறங்கியிருப்பானான்னு கேக்கும். இப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. தானாப் போனானா, யாரும் போகச் சொன்னாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் இன்னொன்றும் கேட்டாள்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு சார். அண்ணே லெப்ட் பேக். ரெண்டாவது பாதியில பள்ளம் வலது பக்கம் வருது. அந்தப் பக்கம் போயி அண்ணே எப்பிடி சார் பந்த அடிச்சாரு?"

நல்ல கேள்வி. பத்தொன்பது ஆண்டுகளாக அறுபத்து மூன்று பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி.

உங்களுக்கு நான் உண்மையைச் சொல்கிறேன். மலைப்போட்டிகளில் ஒரு விதி உண்டு. எழுபது நிமிடம் கடந்த பிறகு மூட்டம் ஏறி, ஒரு கோலிலிருந்து மறு கோல் தெரியாமல் போனால் ஆட்டம் அத்துடன் முடியும். முன்னிலையில் இருப்பவர்களுக்கே வெற்றி. எனவே, பள்ளத்தாக்கிலிருந்து வெண்மை ஏறுவது கண்டால் முன்னிலையில் இருக்கும் அணி பந்தைச் சரிவில் உதைத்துவிடும். இறங்கியவன் நிதானமாகத் தேடுவான். மூட்டத்துக்குப் போடுவது என்று அதற்குப் பெயர். அழகற்ற ஆட்டம்தான், விதிக்குப் புறம்பானது அல்ல. அதைப் பயிற்சியாகவே சொல்லிக்கொடுத்தவன் நான்.

அன்று எழுபத்தெட்டாம் நிமிடத்தில் மூட்டம் சோலையின் தலையைத் தொட்டது. நான் சரிவுப் பக்கம் நின்றிருந்தேன். சேனாதிபதியைப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் உதைத்தான். பந்து போயிற்று. சட்டப்படி இறங்க அவனே காலெடுத்து வைத்தான். நான் அவன் தோளைப் பிடித்தேன்.

"நாந்தான சார் அடிச்சேன்" என்றான்.

"நீ நில்" என்றேன். பிறகு, அறுபது மீட்டருக்கு அப்பால், மைதானத்தின் மறுகோடியில் நின்ற பழனிக்குமாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

என்னருகில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஏன் அவன் பெயர் வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். சேனாதிபதியின் முழங்காலில் பழைய காயம் இருந்தது. ஆட்டம் தொடர்ந்தால் கோல் போட அவன் தேவைப்படலாம். பழனிக்குமாருக்குச் சரிவு பழக்கம். காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவன். இவை எல்லாம் சரியான காரணங்கள். ஆனால் இவற்றை நான் பிற்பாடுதான் யோசித்தேன். பெயர் அதற்கு முன்பே வாயில் வந்திருந்தது.

அவன் மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தான். சேனாதிபதியையும் என்னையும் பார்த்துச் சிரித்தான்.

"என்ன சார், செவுத்துல எழுதுனதுக்கு இன்னிக்கு லீவா?"

"ஏலே, பேசாம எறங்கு" என்றேன். "வெரசாப் போ. மெதுவா வா."

"மெதுவா வரது நம்ம சோலிதான சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

போட்டிக்குத் தந்த மற்றொரு பந்து முற்பாதியிலேயே உண்ணிச்செடிப் புதருக்குள் தொலைந்திருந்தது. நடுவர் என்னிடம் வந்து, கல்லூரிப் பந்து ஒன்று தர முடியுமா என்றார். விளையாட்டு அறையின் சாவி விடுதிக் காப்பாளரிடம் இருப்பதாகவும், அவர் கொடைக்கானல் டவுனுக்குப் போயிருப்பதாகவும் சொன்னேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

மூன்று நிமிடத்தில் கீழிருந்து குரல் வந்தது. "பந்து கெடச்சிருச்சு சார்." நான் பதில் கொடுக்கவில்லை, அவனும் புரிந்துகொண்டிருப்பான். பிறகு கல் சரியும் ஓசை. பிறகு, "சார்." சற்றுப் பொறுத்து, "சார், காலு." மறுபடியும், "சார்."

சேனாதிபதி என்னைப் பார்த்தான். "நடிக்கிறான்" என்றேன். நடுவரும் திரும்பிப் பார்த்தார். கீழே மாடு மேய்ப்பவர்கள் ஒருவரையொருவர் அழைப்பதாக அவரிடம் சொன்னேன். என் குரல் மேடையில் பழகிய குரல், நம்பும்படியாகவே வரும்.

மூட்டம் ஏறப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. நான் கைகட்டி நின்றேன். அழைப்பு ஏழு முறை கேட்டது. ஏழாவதில் "சார்" மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எதிர்க் கோல் மறைந்தது, விசில் ஊதினார்கள். அப்போதும் நான் யாரையும் அனுப்பவில்லை. கீழே ஒருவன் பந்தோடு கிடக்கிறான் என்று தெரிந்தால் எதிரணி புகார் எழுதிக் கொடுக்கும். கோப்பை நிறுத்தி வைக்கப்படும். ஆகவே பரிசளிப்பு முடியும்வரை பொறுத்தேன். அதற்கு இருபத்தைந்து நிமிடம். நன்றியுரையும் நான்தான் சொன்னேன்.

பிறகு இறங்கிப் பார்த்தபோது பழனிக்குமார் ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஏறுவதற்குக் கை வேண்டும் என்று பந்தைச் சட்டைக்குள் செருகியிருந்தான். தொடை கிழிந்திருந்தது. வத்தலக்குண்டு போகும் வழியில், வண்டியில், உயிர் பிரிந்தது. அரைமணி முன்னதாக வந்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கினார், முடிக்கவில்லை.

அன்று மாலையே, பந்தை உதைத்தவன் பழனிக்குமார் என்று அறிக்கை எழுதினேன். மாணவர்கள் ஏறிவந்த மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், யார் உதைத்தது என்று கவனித்திருக்கவில்லை. கவனித்த மூவரும் அந்த ஆண்டோடு கல்லூரியை விட்டுப் போக வேண்டியவர்கள், என் சொல்லை மறுக்கப் பழகாதவர்கள். சேனாதிபதி என் அறைக்கு வந்து நின்றான். "உன்னைக் காப்பாற்றத்தான்" என்றேன். அவன் அழுதான். அந்த அழுகையை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

எதற்காக என்பதையும் சொல்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டை நிறுத்தும் தீர்மானம் அந்த மாதம் நிர்வாகத்தின் முன் இருந்தது. கோப்பை வந்தது, தீர்மானம் கைவிடப்பட்டது, அவர்களுக்கென்றே நாற்பது பேர் தங்கும் தனி விடுதி எழுந்தது. இதுவரை முந்நூறு பேருக்கு மேல் அங்கே தங்கிப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். நதியாவும் அந்த ஒதுக்கீட்டில்தான் படித்தாள். ஒரு பக்கம் முந்நூறு பேர், மறுபக்கம் ஒருவன். மேடையில் நின்று இதைச் சொன்னால் நீங்களும் கைதட்டியிருப்பீர்கள்.

மூட்டம் ஏறும் மாலைகளில் நான் ஜன்னலை அடைப்பதில்லை. அடைத்தால் அறைக்குள்ளேயே கேட்கிறது. திறந்து வைத்தால் கொஞ்சம் தூரத்தில், சரிவில் கேட்கிறது. ஏழு முறைதான். எண்ணிவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

உண்மையை மலரில் அச்சிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சட்டம் எழுதியவனே, கோப்பை கண்ணில் பட்டதும், பழைய வழக்கப்படி பெரும்பாறைக்காரனை இறக்கினான் என்று ஆகும். சுவரில் உள்ள இரண்டு சொற்களும் அன்றே அழிந்துபோகும். மறுநாளே யாராவது ஒருவன் ஒரு லைன் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து இறங்கு என்பான். அதைத் தடுக்கும் பொறுப்பு எனக்கு இருக்கிறது. இந்தக் கடிதத்தை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம்; காவல் நிலையத்தில் கொடுத்தாலும் மறுக்க மாட்டேன். குறிப்பை மட்டும் மாற்றாதீர்கள்.

நதியாவின் கேள்விக்கு, உதைத்தபின் பந்து எந்தப் பக்கம் போகும் என்று யாரால் சொல்ல முடியும் என்றேன். அவள் நம்பவில்லை. தாய் இருளாயி அம்மாளின் கேள்விக்கு, "தானாகத்தான் போனான். யாரும் சொல்லவில்லை" என்றேன். அதைத் தாயிடம் சொல்லத்தானே வந்தாள், சொன்னாள்.

நேற்றுத் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா கேட்டுச்சு சார். சரின்னு மட்டும் சொல்லுச்சு. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. அதுக்கப்பறம் தண்ணி கூட வாங்கல." பிறகு, "காலையில போயிருச்சு" என்றாள்.

நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் எண்ணலாம். நான் அப்படிக் கருதவில்லை. நாற்பது ஆண்டுகள் பிறர் ஏவிய வேலையை மட்டுமே செய்து தேய்ந்துபோன இருளாயி அம்மாளுக்கு, எவர் ஏவலுக்கும் அடிபணியாமல் தன் விருப்பப்படி இறங்கிய ஒரு சுயமரியாதைக்காரனை மகனாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.