இழுத்துச் சொன்ன ‘வே’

உங்கள் அறை மின்விசிறிக்கு எண்ணெய் போட வேண்டும். பேச்சு வராதவர்களைப் பேச வைக்கிற இடத்தில் அது ஒன்றுதான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பேச்சுப் பயிற்சி தருகிறவர் நீங்கள். மூன்று நாளாக உட்கார்ந்து பழைய பதிவுகளையெல்லாம் கேட்டு என்னைப் பிடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரிதான். மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பேருந்தில் நடத்துனராக இருந்தவர். முன்படியில் நின்று குரல் கொடுத்தால் கடைசி இருக்கையில் தூங்குகிறவன் எழுந்து டிக்கெட் கேட்பான். வீட்டிலும் அதே குரல்தான். முப்பத்தோரு வருடமாக நான் எதைக் கேட்டாலும் ‘வேண்டாம்’ என்பார். புதுத் திரைச்சீலையா, வேண்டாம். தங்கை வீட்டுக்கு ஒரு நடை போய் வரலாமா, வேண்டாம். பக்கவாதம் வந்து நாக்கு குழறிய பிறகும் அந்தச் சொல்லை மட்டும் விடவில்லை. ஆனால் பாதிதான் வந்தது. வேணும் என்றாலும் ‘வே’, வேண்டாம் என்றாலும் ‘வே’. வேண்டாமுக்கு மட்டும் கடைசியில் லேசாக ஓர் இழுப்பு இருக்கும். அது எனக்கு மட்டும்தான் பிடிபடும்.

நீங்கள்தான் அந்தக் கருவியை அவர் கழுத்தில் மாட்டினீர்கள். அவர் குழறுவதைக் கேட்டுத் தெளிவான குரலில் திருப்பிச் சொல்லும் என்றீர்கள். அதற்கு முன் அவர் சத்தங்களைப் பதிவு செய்து, ஒவ்வொன்றும் இன்ன வார்த்தை என்று யாராவது அதற்குக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

“அவர் பேசறது உங்களுக்குத்தானே புரியும்மா, நீங்களே குறிச்சிடுங்க” என்றீர்கள்.

குறித்தேன். இழுத்த வே, இழுக்காத வே, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: வேணும்.

முதலில் மாத்திரைக்காகத்தான் செய்தேன். “மாத்திரை வேணுமா?” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘வே’ என்று இழுத்தார். “வேணும்” என்றது கருவி. தோள்பையில் யாரோ கை விட்டதுபோல் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு குளியல், திரைச்சீலை, தங்கை வீடு. அவ்வளவு இணக்கமான மனிதரோடு நான் குடித்தனம் நடத்தியதே இல்லை.

போன மாதம் கொழுந்தனார் வந்தார். அண்ணனைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இவரும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவரையே கேட்டுவிடலாம் என்றார் கொழுந்தனார். கேள்வியை நான் எடுத்துக் கொடுத்தேன்.

“இங்கயே என்கூட இருக்க வேணுமா, வேண்டாமான்னு கேளுங்க.”

கேட்டார். இவர் வேண்டாம் என்றார். கருவி வேணும் என்றது. எத்தனை முறை கத்தினாரோ அத்தனை முறையும் வேணும், வேணும் என்றது. இல்லையென்று தலையையும் ஆட்டினார். அது நரம்புத் தளர்ச்சி, தானாக ஆடும் என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். கடைசியில் இவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கொழுந்தனாரும் மூக்கை உறிஞ்சினார்.

“அண்ணி மேல இவ்வளவு பாசமாண்ணா? உங்களப் பிரிக்க எனக்கு மனசு வரல” என்று சொல்லிவிட்டுத் தனியாகவே ஊர் திரும்பினார்.

அன்றிலிருந்து இவர் வாயே திறப்பதில்லை. கருவியில் ஏதாவது செய்து அவரை மறுபடி பேச வைக்க முடியுமா என்று உங்களிடம் கொண்டுவந்தேன். வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

அவர் வாயில் என் வார்த்தையை வைத்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். கருவியை மட்டும் மாற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுங்கள். சாயங்காலமானால் அதை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் எதிரே உட்காருவது வழக்கமாகிவிட்டது. “நான் உங்களுக்கு வேணும்தானே?” என்று கேட்டுவிட்டு, அவரை மாதிரியே நானே ‘வே’ என்பேன். கருவி பளிச்சென்று பதில் சொல்லும்.

அவரும் பக்கத்தில்தான் இருக்கிறார். ஒரு நாளாவது மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.