'முடிந்தது' என்ற வெற்றுக் கோப்பு

காத்திருப்பது எனக்கு ஒத்துவராது. பல் மருத்துவரிடம் எனக்கு முன்னால் பத்துப் பேர் இருந்தால், வலியோடு சமாதானம் பேசிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிற ஆள் நான்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்பை எங்கள் கம்பெனி செய்கிறது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். மற்றவர்கள் எழுதும் நிரலைக் கம்பைல் செய்து, அதாவது பம்ப் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி, பொதியாகக் கட்டி மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட், அந்தக் கட்டளைத் தொகுப்பு, என் பொறுப்பு. முழுதாகக் கம்பைல் ஆக நான்கு மணி நேரம். எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும் என்று ஸ்கிரிப்டில் ஒரே வரியை மாற்றினாலும், சோதித்துப் பார்க்க மறுபடி நான்கு மணி நேரம். அதனால் 'முடிந்தது' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்துவிடுவேன். அதைப் பார்த்தால் ஸ்கிரிப்ட் பழைய கம்பைலையே எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். வெளியே அனுப்பும் முன் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் அழிக்க மறந்துவிட்டேன்.

அந்தப் பொதியில்தான் என் மச்சானின் திருத்தம் போயிருக்க வேண்டும். மனைவியின் தம்பி; நான்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டேன். மின்சாரம் போய் பம்ப் பேட்டரிக்கு மாறும் நொடியில் மருந்து இரட்டிப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவன் அவன். ஆனால் நான் அனுப்பிய பொதியின் மேல் புதுப் பதிப்பு எண், உள்ளே பழைய நிரல். இரண்டாவது வாரம் ஒரு பெண் இறந்தார்.

மேலதிகாரி மச்சானைக் கூப்பிட்டுக் குடைந்தார்.

"என் மெஷின்ல சரியாத்தான் ஓடுதுங்க," என்றான்.

யாரோ சிரித்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் அதைவிடத் தேய்ந்துபோன சாக்கு கிடையாது. நானும் சிரித்தேன்.

அவனுக்குப் பிடிவாதம் அதிகம். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதே திருத்தத்தை மறுபடி அனுப்பினான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒழுங்காகக் கம்பைல் செய்தால் பம்ப் சரியாகிவிடும். சரியானால், போன தடவை ஏன் ஆகவில்லை என்று கேட்பார்கள். நேராக என் மேசைக்கு வருவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வெற்றுக் கோப்பை அப்படியே விட்டுப் பொதியைக் கட்டினேன். பம்புகள் மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டே இருந்தன.

அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்து சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நெஜமாவே நான்தான் தப்பா எழுதிட்டேனா மாமா? நீங்களாவது சொல்லுங்க."

"மனசப் போட்டுக் குழப்பிக்காதடா. யாருக்கும் தப்பு வரும்," என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். சமையலறையில் என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் வேலையை இழந்து நின்றால் யாருக்கு என்ன நன்மை?

அவன் திருத்தம் சரியா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். சரிதான். அந்தப் பெண் இறந்த மறுநாளே விடுப்புப் போட்டு, வெற்றுக் கோப்பை நீக்கி, வீட்டில் முழுதாகக் கம்பைல் செய்தேன். நான்கு மணி நேரமும் நாற்காலியைவிட்டு எழவில்லை. சோதனைக்கென்று கொண்டுவந்திருந்த பம்பில் ஏற்றி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

அதற்குப் பின் ஆறு பேர் என்கிறீர்கள். ஆறு பேரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். முதல் பெண்ணை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். அது வெறும் மறதி.