தேய்மானம் பார்க்கிறவர்

மதியம் ரெண்டரை மணி. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. பேய்க் கதைன்னா ராத்திரி பன்னெண்டு மணிதானேன்னு முழிக்காதீங்க... இது பட்டப்பகல்ல நடந்தது. அந்தக் கதவைச் சாத்திட்டுக் கிட்ட வந்து உக்காருங்க.

நம்ம எலக்ட்ரீஷியன் இருக்கான்ல, அவனோட சொந்தச் சித்தப்பாவுக்கு நடந்தது. பழைய ரயில்வே சாமான்ல எது அசல், எது போலின்னு பாத்துச் சொல்றதுதான் அவரு வேலை. கை விளக்கு, விசில், கடிகாரம்... இதையெல்லாம் சேத்து வைக்கிற பைத்தியங்க, இவரு தலையாட்டினாத்தான் வாங்குவாங்க. அவருக்கு 'ஒரிஜினல்'னே பட்டப்பேரு.

அவரு பாக்குறது தேய்மானம். போலி பண்றவன் ஆசிட்ல முக்கி எடுப்பான். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கும். ஒருத்தன் முப்பது வருஷம் தூக்கின விளக்கு அப்படி இருக்காது. கை பட்ட இடம் மட்டும் வழவழன்னு, மத்ததெல்லாம் சொரசொரன்னு இருக்கும். "மனுஷன் எதையும் சமமாத் தேய்க்க மாட்டான்"ம்பாரு.

அன்னிக்கு அவரு போனது மூடிப்போன ஒரு ஸ்டேஷனுக்கு. தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டாங்க. வெறும் ஜல்லி மேடு. இடிக்கப் போற காண்ட்ராக்டர், ஸ்டோர் ரூம்ல சாமான் கிடக்கு பாருங்கன்னு சாவி குடுத்திருந்தான். கூடச் சித்தியும் போனாங்க. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், எங்க போனாலும் ஜோடிதான். ஜல்லி மேட்டுல ஒரு மரத்து நிழல் இருந்துச்சு. காரை அங்க நிறுத்திட்டு, "நீ உள்ளயே இரு, வந்துடறேன்"னாரு. ரயிலா வரப்போகுதுன்னு சித்தி சிரிச்சாங்களாம்.

ஸ்டோர் ரூம்ல எலிப் புழுக்கை நாத்தம். பலகை மேல ஒரு கை விளக்கு. தொட்ட உடனே அவருக்குத் தெரிஞ்சு போச்சு... கைப்பிடியில கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். உள்ள புகைக் கரி ஏடு ஏடா படிஞ்சிருக்கு. இனி அடியில வெட்டின நம்பரைத்தான் பாக்கணும். பெயிண்டுக்குக் கீழ இருந்தா அசல்.

வெளிய சித்தி கூப்பிட்டாங்க. "ஏங்க..."

"ரெண்டு நிமிஷம்"னாரு.

நகத்தால பெயிண்டைச் சுரண்ட ஆரம்பிச்சாரு. தூரத்துல ஒரு ஊதல். இன்னொரு தடவை, "ஏங்க..." தரை லேசா அதிருது. பலகை மேல தகர மூடிங்க கடகடன்னு ஆடுது. கரிப் புகை வாசம். தண்டவாளமே இல்லாத இடம்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் விரலை எடுக்க முடியல. ரெண்டு நம்பர் தெரிஞ்சிருச்சு, இன்னும் ஒண்ணுதான் பாக்கி... மூணாவது தடவை வந்த "ஏங்க" பாதியிலயே நின்னுபோச்சு.

விளக்கு அசல்தான்.

அதைப் போட்டுட்டு ஓடினாரு. கார் நின்ன இடத்துலயே நிக்குது. ஒரு கீறல் இல்ல. மரத்துல மட்டும் ஒரு இலை இல்ல, அத்தனையும் கீழ கொட்டிக் கிடக்கு. சித்தி உள்ள உக்காந்திருந்தாங்க. "போலாமா?"ன்னாங்க. அதே குரல்தான்.

வீடு வந்து சேந்தாங்க. வாசல்ல சித்தி செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனாங்க. கால் உடைஞ்சு கூடினதுலருந்து அவங்களுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். ரெண்டு வருஷம் போட்ட செருப்பு, இடது குதி மட்டும் தேஞ்சு தட்டையா இருக்கணும். சித்தப்பா எடுத்துப் பாத்தாரு. ரெண்டு குதியும் ஒரே அளவு தேஞ்சிருக்கு...

ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துல சித்தி முகத்தைப் பாத்தாரு. ஒரு பக்கமா வாயைக் கோணிச் சிரிக்கிற பொம்பளை அவங்க. சுருக்கம் அந்தப் பக்கம்தான் அதிகம். இப்ப ரெண்டு கண்ணு ஓரத்துலயும் மூணு மூணு கோடு. ஒரே நீளம்.

அவருக்கு அழுகை வரல, பயமும் வரல. மரத்துப் போச்சு, அவ்வளவுதான். பக்கத்துலயே படுத்துத் தூங்கிட்டாராம்.

இதெல்லாம் நடந்து எட்டு மாசம். போன வாரம் ஃபேன் மாட்டப் போனப்பத்தான் நம்ம எலக்ட்ரீஷியன்கிட்ட இதைச் சொல்லியிருக்காரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிற மாதிரி, சாதாரணமா. இவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழ வெச்சுட்டுக் கேட்டான்.

"சித்தப்பா, அவங்ககிட்ட நீங்க கேக்கவே இல்லையா?"

சித்தப்பா சமையக்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாத்தாராம். அப்புறம் சொன்னாரு.

"இது போலின்னு நான் வாயைத் திறந்து சொல்லிட்டா... அப்புறம் அசல் எங்கன்னு போய்த் தேடணும்லடா."

அதுக்குள்ள சித்தி டீ கொண்டு வந்து வெச்சாங்களாம். சித்தப்பா எடுத்துக் குடிச்சாரு. இவனும் குடிச்சான்... டீ என்னவோ எப்பவும் விட நல்லாவே இருந்துச்சுன்னான்.