நம்பிக்கைக்குரிய பைல் சிஸ்டம்

தேத்தண்ணிக்கு நன்றி ஐயா, சீனி அளவாக இருக்கிறது. நீங்கள் பொலிஸ்காரர் என்பதால் சொல்லவில்லை, எனக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. கல்லடியில் தங்கராசா அண்ணனின் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன் நான். அங்கிருக்கும் பெரிய கம்ப்யூட்டர் என் பொறுப்பு.

அதில் வீடியோக்களை டிஸ்க்கில் அடுக்கிவைத்துக் காப்பது பழைய என்.டி.எஃப்.எஸ். பைல் சிஸ்டம். நான் கேட்டது இசட்.எஃப்.எஸ். அது ஒவ்வொரு பைலையும் தானே சரிபார்த்து, பழுதையும் தானே திருத்தும். கரண்ட் நினைத்தபடி போய்வரும் ஊரில் வேறென்ன வேண்டும்? அண்ணனிடம் கேட்டால் ஒரே பதில்தான். "நல்லாத்தானே ஓடுது, மறுகா பாப்பம்." பிறகு, பிறகு என்ற அந்த மறுகாவைக் கேட்டுக் கேட்டே காது புளித்துவிட்டது.

சொல்லி விளங்காத மனிசனுக்குச் செய்து காட்ட வேண்டும். வீடியோ பதிவாகிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டால், சனியன், எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இடி மின்னலுக்காகக் காத்திருந்தும் பிடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம்தான் நாவற்குடா நல்லரத்தினம் ஐயாவின் மகள் யசோதினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டிய கையோடு கத்தாருக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளை தினமும் எனக்குப் போன் எடுத்துக் கேட்கும். "அண்ணா, வீடியோ முடிஞ்சிட்டா? அவர் சிரிக்கிறத ஒருக்காப் பாக்கணும்." பாவம், நல்ல பிள்ளை. கமரா கார்ட்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. வீடியோ இருந்தது அந்த டிஸ்க்கில் மட்டும்தான்.

ஒருநாள் அந்த வீடியோ காணாமல் போனது. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "கரண்ட் போய் வந்ததிலதான் அழிஞ்சிருக்கும். நீ சொல்லக்குள்ளயே கேட்டிருக்கணும்டா." மறுநாளே டிஸ்க்கைத் துடைத்து இசட்.எஃப்.எஸ். போட்டோம். மற்றவர்களின் வீடியோக்களை முதலே கவனமாகக் காப்பி எடுத்துவைத்தேன், நான் பொறுப்பில்லாதவன் இல்லை. யசோதினிக்கும் நானே சொன்னேன். "பழைய பைல் சிஸ்டம் தங்கச்சி, என்ன செய்யிற." அவள் அழுது முடியும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பாதியில் வைப்பது மரியாதையில்லை.

அன்றைக்குக் கரண்ட் போகவே இல்லையே என்கிறீர்கள். ஓம், போகவில்லை. பிளக்கையும் நான் தொடவில்லை, அதனால் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. வீடியோவைத் தெரிவுசெய்து டிலீட் கொடுத்தேன். "நிச்சயமா?" என்று கேட்டது. "ஓம்" என்று அழுத்தினேன். மறுபேச்சில்லாமல் அழித்துவிட்டது.

நீங்களே சொல்லுங்கள் ஐயா, என் கையிலிருந்தே காப்பாற்றத் தெரியாத பைல் சிஸ்டத்தை நம்பி ஒரு பிள்ளையின் கல்யாணத்தை எப்படி ஒப்படைப்பது?