பதினாலாம் நம்பர் செடி

சுஹா: இது பதினாலாம் நம்பர் செடி இல்லக்கா.

பஞ்சம்மாள்: டேக்குல பதினாலுன்னுதான தாயி போட்டிருக்கு. ஒன் கையெழுத்துதான்.

சுஹா: டேக் என்னோடது. செடி என்னோடது இல்ல.

பஞ்சம்மாள்: எம் புஞ்சையில நிக்கிற செடி எப்பத்தா ஒன்னோடதாச்சு?

சுஹா: வெளையாடாதீங்கக்கா. பதினாலுல காய் விரல் நீளத்துக்கு வானத்தப் பாத்து நிமிந்து நின்னுச்சு. தை மாசம் நானே அளந்தேன், படம் புடிச்சேன். இது உருண்டையாத் தொங்குது.

பஞ்சம்மாள்: முண்டு மிளகான்னா உருண்டையாத்தான் தொங்கும்.

சுஹா: இருபத்திரெண்டும் உருண்டை. முப்பத்தொண்ணும் உருண்டை. நெட்டைக் காய்ச் செடி ஒண்ணக்கூடக் காணோம்...

பஞ்சம்மாள்: மொதல்ல இங்கன நெழலுக்கு வா. நோன்போட வெயில்ல நிக்கிற. ஒதடெல்லாம் காஞ்சு...

சுஹா: நெழல் வேணாம். காலேஜு சார் ஜீப்பு உச்சிப்புளி தாண்டிருச்சு. என் நோட்டையும் செடியையும் வச்சு ஒண்ணொண்ணா அளந்து பாப்பாரு. ஒத்து வந்தாத்தான் கையெழுத்து. இல்லைன்னா இந்த வருசம் பட்டம் கெடையாது. அடுத்த வருசம் படிக்க வாப்பா விட மாட்டாரு.

பஞ்சம்மாள்: அந்த நெட்டைச் செடிகளா... அது வந்து தாயி...

சுஹா: புடுங்கிட்டீங்களா?

பஞ்சம்மாள்: கலப்பு தாயி அது. நெட்டைச் சம்பா மிளகாயோட கலப்பு. வண்டு அதுல ஒக்காந்துட்டு இதுல வந்து ஒக்காரும். அடுத்த வருசம் வெதை பூராம் நெட்டையும் குட்டையுமாப் போயிரும். வெதைக்கு வைக்கிறவுக எல்லாரும் காயைப் பாத்துப் புடுங்கத்தான் செய்வாக.

சுஹா: அந்தக் கலப்பப் படிக்கத்தான்க்கா நான் வந்தது. ஒரே புஞ்சைக்குள்ள எல, காம்பு, காயி, அது தொங்குறது, நிமிர்றது... எப்படியெல்லாம் மாறுதுன்னு. எல்லாம் ஒண்ணு மாதிரி இருந்தா நான் எத அளக்க?

பஞ்சம்மாள்: ஒனக்கு அது பாடம். எனக்கு அது களை.

சுஹா: டேக்க ஏன் பக்கத்துச் செடியில கட்டுனீங்க?

பஞ்சம்மாள்: கீழ கெடந்தா நீ கேப்பியேன்னுதான்.

சுஹா: எத்தன செடி?

பஞ்சம்மாள்: பன்னெண்டு... பதிமூணு.

சுஹா: புடுங்குனதெல்லாம் எங்க?

பஞ்சம்மாள்: வரப்புல போட்டேன். ஆடு மேஞ்சிருச்சு. அது ஒன்ன மாதிரி அளந்து பாத்தா திங்குது?

சுஹா: சரி, கேளுங்க. சார் கேட்டா நேத்து புடுங்குனதாச் சொல்லுங்க.

பஞ்சம்மாள்: பொய் எதுக்கு? நான் புடுங்குனத நானே சொல்லிட்டுப் போறேன். ஏச்சும் எனக்குத்தான. ஒங்க நோன்பு தொடங்கி எட்டாம் நாளு, மொதச் செடியே பதினாலு...

சுஹா: நாளெல்லாம் சொல்லாதீங்கக்கா. நேத்து. அவ்வளவுதான்.

பஞ்சம்மாள்: அன்னைக்குப் புடுங்குனா என்ன, நேத்துப் புடுங்குனா என்ன? செத்த செடி செத்ததுதான?

சுஹா: சொல்லுங்களேன்...

பஞ்சம்மாள்: ஏன்னு சொல்லு. சொல்றேன்.

சுஹா: சார் வர்றதுக்குள்ள சரின்னு மட்டும் சொல்லுங்கக்கா.

பஞ்சம்மாள்: ரோட்டுல வண்டி திரும்புது தாயி.

சுஹா: அதுக்கப்பறமும் ரெண்டு வாரம் பதினால அளந்ததா நோட்டுல எழுதியிருக்கேன். நோன்பு வச்சுக்கிட்டு பெரியபட்டினத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வர முடியல. வீட்டுல ஒக்காந்து, முந்துன வாரத்து அளவோட அர சென்டிமீட்டர் கூட்டிக் கூட்டி...

பஞ்சம்மாள்: தெரியும்.

சுஹா: என்ன தெரியும்? நான் எழுதுனதா?

பஞ்சம்மாள்: எழுதுனது தெரியாது. நீ வராதது தெரியும். சாரு ரெண்டு தடவ போன் போட்டாரு, பிள்ளை வந்து அளக்குதான்னு. வாரம் தவறாம வருதுன்னேன். இல்லன்னுருந்தா மறுநாளே ஒன்னைய வெரட்டி இங்கன அனுப்பியிருப்பாரு... எனக்கு புடுங்கி முடிக்கணும்ல.