கனெக்டிகட் எல்லை வரை

எங்கள் வீட்டில் சம்பாதித்தது லோர்னா, சமைத்தது நான். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டட வரைபடம் போடும் வேலை அவளுக்கு, நியூயார்க்கின் மன்ஹாட்டனில். வீடு பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில். தினமும் ரயிலில் போய்வந்து அலுத்துப்போய், அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அபார்ட்மெண்ட் வாங்கினாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நியூயார்க்கில் இருப்பிடம் ஒன்று வைத்துக்கொண்டு, பாதி வருஷத்துக்கு மேல் அங்கே கால் வைத்தால், வரிக் கணக்கில் நீங்கள் நியூயார்க்வாசி. ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பினாலும் அது ஒரு நாள். சம்பளத்துக்கு எப்படியும் அவர்களுக்கு வரி கட்டினோம். நியூயார்க்வாசி ஆகிவிட்டால், அவளுடைய அப்பா விட்டுப்போன பங்குகளின் வருமானத்துக்கும் கட்ட வேண்டும். அதனால் அவளுடைய நாட்களை எண்ணுவது என் பொறுப்பாயிற்று. வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்தே வேலை பார் என்பேன். தோழி நாடகத்துக்குக் கூப்பிட்டால் போகாதே என்பேன். பனி கொட்டினாலும் ராத்திரி தங்காதே என்பேன்.

"நான் உனக்குப் பொண்டாட்டியா, பார்க்கிங் மீட்டரா, வெண்டல்?" என்று சிரிப்பாள்.

டிசம்பர் நடுவில், அந்த வருஷம் நியூயார்க்கில் கால் வைக்க அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள், அந்த வெள்ளிக்கிழமைதான். சாயங்காலம் அவளைக் கூட்டிவரக் காரோடு போயிருந்தேன். ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இடது கை மரத்துப்போகுது வெண்டல். அடுத்த தெருவுலதான ஆஸ்பத்திரி, அங்க திருப்பு."

"நம்ம ஊருக்கே போயிடலாம். உன் டாக்டர் அங்கதான இருக்காரு."

"அவ்வளவு தூரம் தாங்காதுப்பா."

"இங்க சேத்தா ஒரு வாரம் படுக்க வெச்சிடுவாங்க. எல்லையைத் தாண்டிட்டா..."

நான் முடிக்கவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. சார்ஜில் போட்டிருந்த போனுக்குக் கை நீட்டினாள். ஆம்புலன்ஸ் வந்தால் நகரத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும். அதனால் போனை எடுத்து என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். கதவுகளையும் பூட்டினேன். சிக்னலில் நிற்கும்போது அவள் இறங்கிவிடக் கூடாதே. இதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது.

சரியான நெரிசல். எல்லைக்கு இந்தப் பக்கமே, பிராங்க்ஸில் வண்டி நகரவே இல்லை. "போனைக் குடு வெண்டல்" என்று இன்னொரு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. தலையைக் கண்ணாடிமேல் சாய்த்துக்கொண்டாள். எல்லைப் பலகையைத் தாண்டியதும், "வந்தாச்சு" என்றேன்.

கனெக்டிகட்டுக்குள் நுழைந்த பிறகுதான் மூச்சு நின்றது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். அது பொய். பிராங்க்ஸிலேயே அவள் கை சில்லிட்டிருந்தது. தெரிந்துதான் ஓட்டினேன்.

போன மாதம் நியூயார்க் வரித் துறையிலிருந்து திருமதி அப்ஷா என்ற பெண் தணிக்கைக்கு வந்தார். அலுவலகத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார். உங்களிடம் சொன்னதை அப்படியே அவரிடமும் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"ஆஸ்பத்திரில சேத்துப் படுத்திருக்கிற நாளெல்லாம் நியூயார்க் நாள் கணக்குலயே வராதே சார். எத்தனையோ வருஷமா அதான வழக்கம்" என்றார்.

அன்றிலிருந்து வெட்கத்தில் யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. இவ்வளவு கவனமாகக் கணக்குப் பார்த்தவன், இந்த ஒரு விதியைப் படிக்காமல் விட்டேன். படித்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியிருப்பேன்.